வறட்சிக் கமிட்டியில் பெய்த மழை

தேதிகளில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உறுதியில்லாத தேதியை எழுதுவதைவிட எழுதாமலே விட்டுவிடுவேன். புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது 1948 மார்ச்சில். அதில் சந்தேகமில்லை. அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், நான் சொல்லப்போவது ஐந்தாவது ஐப்பசியா ஆறாவது ஐப்பசியா என்ற இடத்தில் நினைவு தடுமாறுகிறது. மழையில்லாத ஆண்டுகள் ஒன்றுக்கொன்று அவ்வளவு ஒத்திருந்தன. வெயிலும் புழுதியும் ஒரே மாதிரி. ஒரு நீண்ட மதியத்தில் தூங்கி விழித்து, மறுபடி தூங்கி விழித்ததுபோல்தான் அந்தக் காலம் எனக்குள் இருக்கிறது.

எங்கள் ஊர் கீரனூருக்குக் கிழக்கே. நான் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். தொடர்ந்து மூன்று பருவம் பொய்த்த பிறகு, தாசில்தார் தலைமையில் வறட்சி நிவாரண ஆலோசனைக் கமிட்டி என்று ஒன்றை அமைத்தார்கள். கண்மாய்க்குப் பக்கத்தில் நிலம் உள்ள, முதலில் தண்ணீர் பெறும் தலைமடைக்காரர்களுக்கு ஒருவர். வாய்க்காலின் கடைசியில் எல்லோருக்கும் பிறகு தண்ணீர் பெறும் கடைமடைக்காரர்களுக்கு ஒருவர். பெண்கள் சார்பில் பிரசவ ஆஸ்பத்திரி நர்சம்மா. படித்தவர் ஒருவர் இருக்கட்டும் என்று நான். குறிப்பெழுதுவதும் நானே.

தலைமடைக்காரர் அரிசி மில் வைத்திருந்ததால் ஊரில் அவருக்கு மில்லுக்காரர் என்றே பெயர். கண்மாய்க் கரைக்கு நேர் கீழே மில்லும் அதையொட்டி வயலும். கடைமடைக்காரரின் தங்கையைக் கட்டியவர், அந்த முறையில் அவருக்கு மாப்பிள்ளை. இருவரும் ஒரே வயதுக்காரர்கள். ஒருவரையொருவர் சீண்டாமல் ஒரு வேளை சாப்பாடு இறங்காது. கடைமடைக்காரர் அதிகம் பேசமாட்டார். தம்பியோடு கூட்டுக் குடும்பம். நிலத்தை மட்டும் பாகம் பிரித்து, அவருடையது முன்னாலும் தம்பியுடையது அதற்கும் பின்னால் வாய்க்காலின் கடைசியிலுமாக வைத்திருந்தார்கள்.

கமிட்டி கூடுவது கண்மாய்க் கரையோரம் இருந்த பழைய சத்திரத்தில். அதன் பின்கூடத்துச் சன்னல்கள் கண்மாயைப் பார்த்திருந்தன. கண்மாய் என்பது பெயருக்குத்தான். அப்போது அது ஆடு மேயும் தரை. மதியம் அதன் நடுவில் கானல் ஓடும். தண்ணீர் கிடப்பதுபோலவே இருக்கும், லேசாக அலையும் அடிக்கும். எந்தக் கிணற்றை ஆழப்படுத்தலாம், கஞ்சித்தொட்டியை எங்கே வைக்கலாம், ரோடு வேலைக்கு யாரை முதலில் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவர் பார்வையாகச் சன்னல் பக்கம் நழுவிவிடும். தாசில்தார் கூட வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அங்கே பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் அவரை அவசரப்படுத்தமாட்டோம்.

ஆணையிட எங்களுக்கு அதிகாரம் கிடையாது. நாங்கள் சொல்வதில் சிலவற்றைத் தாசில்தார் செய்வார், சிலவற்றை மேலே எழுதுவார். ஆனாலும் சமஸ்தான காலத்தில் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்து பழகிய எங்களிடம் ஓர் அதிகாரி உட்கார்ந்து, “நீங்க என்ன நெனைக்கிறீங்க?” என்று கேட்பதே கனவில் நடப்பதுபோல் இருந்தது. முதல் கூட்டத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் எல்லோரும் கனவைப் பற்றித்தான் பேசினோம். ஆரம்பித்து வைத்தது நர்சம்மா.

“நேத்து கனவுல ஆஸ்பத்திரிக்குள்ள தண்ணி வந்துருச்சுங்க. தொட்டிலெல்லாம் மெதக்குது. ஒரு புள்ளகூட அழுவல.”

“இதையும் எழுதிக்குங்க சார்,” என்றார் மில்லுக்காரர் என்னிடம். “மேல அனுப்பிச்சு வச்சா மெட்ராஸ்ல நெனப்பாங்க, இங்க வெள்ளம்னு.”

கடைமடைக்காரர் சிரிக்கவில்லை. நர்சம்மா பக்கம் திரும்பி, “தண்ணி எவ்வளவு ஒசரத்துக்கு வந்துச்சும்மா?” என்று கேட்டார்.

“கட்டில் காலு முங்குற அளவுக்குண்ணே.”

“அம்புட்டு வந்தாப் போதும்,” என்றார் அவர், உண்மையான கணக்கு ஒன்றை மனதில் போட்டபடி.

பிறகு அந்த ஐப்பசி வந்தது. ஒரு விடியலில் ஓட்டின்மேல் யாரோ தானியத்தை வாரி இறைப்பதுபோல் சத்தம். என் மனைவி என்னை எழுப்பவில்லை, நானும் அவளை எழுப்பவில்லை. இருவரும் விழித்துக்கொண்டே அசையாமல் படுத்திருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது. பேசினால் நின்றுவிடும் என்று அவளும் நினைத்திருக்கிறாள். மழை நிற்கவில்லை. பகலும் பெய்தது, விட்டுப் பெய்தது, தூறிக்கொண்டே இருந்து திடீரென்று கொட்டியது. வரத்து வாய்க்கால்கள் செம்மண் நிறத்தில் ஓடின. கண்மாயில் மேய்ந்த ஆடுகள் கரையேறிவிட்டன. கானல் தெரிந்த அதே இடத்தில் தண்ணீர் தெரிந்தபோது முதலில் யாரும் நம்பவில்லை.

இங்கே கலிங்கு பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுவதற்காகக் கரையின் வடகோடியில் கல்லால் தாழ்வாகக் கட்டிய இடம் அது. அதன்மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். கற்களுக்கு நடுவே, புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி அடைத்தால், கண்மாயில் இன்னும் கொஞ்சம் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் கடைமடை விளையும். ஆகவே கலிங்கை அடைப்பது கடைமடைக்காரர்களின் வேலை. சூடம் காட்டிவிட்டு அடைப்பார்கள். எடுப்பதும் அவர்கள்தான். வேறு யாரும் அந்தப் புல்கட்டியில் மண்வெட்டி வைக்கக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். முன்பொரு காலத்தில் வெளியாட்களை வைத்து எடுக்கப்போய் மண்டைகள் உடைந்தன என்று சொல்வார்கள்.

மற்ற ஆண்டுகளில் முழங்கால் உயரத்துக்கு அடைப்பார்கள். அந்த ஐப்பசியில் மூன்று வருடத் தாகத்தையும் சேர்த்து வைத்து அடைத்தார்கள். நட்ட கற்களின் தலை தெரியவில்லை. கடைமடைக்காரரும் தம்பியும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டியை வாங்கி வாங்கி அடுக்கியதைக் கமிட்டி முழுதும் கரையில் நின்று பார்த்தது. யாருக்கும் அது அதிகம் என்று தோன்றவில்லை. பச்சைச் சுவர்போல் எழும்பி நின்றது, பார்க்க அழகாக இருந்தது. மில்லுக்காரர்கூட, “மச்சான், இன்னும் ரெண்டு வரிசை வச்சா மெட்ராசுக்கே தண்ணி விடலாம்,” என்றுதான் சொன்னார்.

அடுத்து நாங்கள் கூடியது அவசரக் கூட்டம். கடலில் புயல் உருவாகியிருப்பதாகவும் தாழ்வான இடங்களில் எச்சரிக்கையாக இருக்கும்படியும் தாசில்தாருக்குத் தந்தி வந்திருந்தது. மணமேல்குடிப் பக்கம் மீன்பிடிக்கப் போகவேண்டாம் என்று தண்டோரா போட்டார்களாம். அதோடு, எங்கள் கண்மாய்க் கரையின் வளைவில் அடிப்பகுதியில் கசிவு இருப்பதாக, கண்மாய் வேலைகளைப் பார்க்கும் ஓவர்சியர் சொல்லியிருந்தார். அந்த வளைவுக்குக் கீழேதான் மில்லும், அதற்கப்புறம் ரோடு வேலைக்கு வந்தவர்கள் போட்டிருந்த குடிசைத் தெருவும். கலிங்கைத் திறக்கலாமா வேண்டாமா என்பது ஒன்றே பேச்சு.

தாசில்தார் தந்தியைப் படித்து முடித்தார். வெளியே மழை. சத்திரத்து ஓடு முழுதும் ஒரே இரைச்சல், முற்றத்தில் தண்ணீர் விழுந்து குமிழி கட்டிக் கட்டி உடைந்தது. ஆபத்தைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மூன்று ஆண்டு கேட்காமல் இருந்த சத்தம் அது. நர்சம்மா கன்னத்தில் கைவைத்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாசில்தார் தந்தியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று என்னால் சொல்ல முடியாது.

மில்லுக்காரர்தான் தொண்டையைச் செருமினார். “ஒரு சந்தேகங்க. நாம வறட்சிக் கமிட்டி. வெள்ளத்தப் பத்திப் பேச நமக்கு அதிகாரம் இருக்கா?”

“அதிகாரம் எப்பவுமே கெடையாதே,” என்றார் தாசில்தார். “ஆலோசனைதான். அதச் சொல்லுங்க.”

“அப்பச் சொல்றேன். தெறந்துருவோம். கர ஒடஞ்சா மொத அடி எனக்குத்தான்.”

“ஒங்களுக்குன்னா தெறக்கணும், எங்களுக்குன்னா அடைக்கணும்,” என்றார் கடைமடைக்காரர் மெதுவாக. “இப்பத்தான் நட்டுருக்கோம் மாப்ள. இந்தத் தண்ணி போனா தை மாசத்துல என் வயலு மண்ணாங்கட்டி. வீட்டுல இருந்த கடைசி வெதநெல்லு அது.”

“எனக்கு மட்டும் என்ன ஆசையா மச்சான், ஓடுற தண்ணியப் பாக்க?”

தாசில்தார் குறுக்கிட்டார். “நான் உத்தரவு போடலாம். போட்டா நாளைக்கு அங்கிட்டு அடிதடி. ஒங்க வழக்கப்படி நீங்க சொன்னாத்தான் கட்டிய எடுக்க முடியும். அதுனாலதான் கேக்குறேன்.” அவர் பார்த்தது கடைமடைக்காரரை மட்டும்.

நர்சம்மா முற்றத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “குடிசைத் தெருவுல ஒரு பச்சை ஒடம்புக்காரி இருக்கா. முந்தாநாத்துதான் புள்ள பெத்தா. அவளத் தூக்கிக்கிட்டு நான் எங்கண்ணே போவேன்?”

கடைமடைக்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “வாங்க, போய்ப் பாப்போம்.”

குடையும், தலையோடு முதுகையும் மூடும் ஓலைக் கொங்காணியுமாகக் கரைமேல் நடந்தோம். அந்த நடை எனக்கு இப்போதும் விழித்திருக்கும்போது நடந்ததாகத் தோன்றுவதில்லை. இடது கைப்பக்கம் முழுதும் தண்ணீர். எதிர்க்கரை தெரியவில்லை. வானமும் கண்மாயும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து, நடுவில் கருவேல மரங்களின் உச்சி மட்டும் எதன்மீதும் நில்லாததுபோல் மிதந்தது. நாரை ஒன்று எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருந்தது, மூன்று வருடம் எங்கே போயிருந்ததோ. கலிங்கில் தண்ணீர் புல்கட்டியின் விளிம்புக்கு வந்துவிட்டது. கட்டிகளில் புல் வேர்பிடித்துப் புதிதாக முளைத்திருந்தது. தாசில்தார் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, குழந்தைபோல ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார்.

கடைமடைக்காரர் கலிங்கின்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்துக்கிட்டே இருந்தா வீட்டுக்குக் கூட வந்துருமா மச்சான்?” என்றார் மில்லுக்காரர்.

“மூணு வருசமா பாக்கல மாப்ள. கொஞ்சம் பாத்துக்கிறேன்.”

மில்லுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு வளைவுக்குப் போனோம். கரையின் அடியில் விரல் கனத்துக்கு ஒரு ஊற்று. காலையில் தெளிவாக வந்தது, இப்போது கலங்கி வருகிறது என்றார் அங்கே காத்திருந்த ஓவர்சியர். தெளிந்த கசிவு எல்லாக் கரையிலும் உண்டு. கலங்கி வந்தால் கரையின் மண்ணே கரைந்து வருகிறது என்று அர்த்தம். கடைமடைக்காரர் ஊற்றின் அடியில் கையை ஏந்தினார். உள்ளங்கையில் தேங்கிய தண்ணீர் வடிந்த பிறகு செம்மண் படிந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். கீழே குடிசைத் தெருவில் ஏதோ ஒரு வீட்டுக் கூரைவழியே புகை வந்துகொண்டிருந்தது. கையைக் கழுவாமலே வேட்டியில் துடைத்துக்கொண்டு கலிங்குப் பக்கம் திரும்பி நடந்தார்.

அதற்குள் கடைமடை ஆட்கள் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றது தம்பி.

“அண்ணே, கட்டியில கை வைக்காதீங்க. மில்லு முங்குதுன்னா அவங்க கரையில மண்ணக் கொட்டட்டும்.”

“மில்லுக்காகவாடா? கீழ சனம் கெடக்கு.”

“நம்ம வயித்துக்கு யாரு இருக்கா? என் வயலு ஒங்களுக்கும் பின்னால இருக்கு. ஒங்களுக்கு ஒரு சொட்டு வந்தாலும் எனக்கு வராது. தெரியும்ல?”

“தெரியும்.”

“பொறகு?”

“கமிட்டியில என்னத்தான் வச்சிருக்காங்க. என்னத்தான் கேக்குறாங்க. நீ வேணும்னா வீட்டுக்குப் போ.”

தம்பி போய்விட்டான். கையிலிருந்த மண்வெட்டியைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போனான். கடைமடைக்காரர் அதைத் தொடவில்லை. வெறும் கையால் முதல் கட்டியைப் பெயர்த்தார். பெயர்த்ததை எறியவில்லை. உடையாமல் இரு கையாலும் ஏந்திக்கொண்டுபோய்க் கரையில் வைத்தார். அடுத்ததை அதற்குப் பக்கத்தில். துவைத்து உலர்ந்த துணியை மடித்து வைப்பதுபோல் இருந்தது அது. கொஞ்ச நேரம் கழித்து மற்ற கடைமடை ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தாசில்தாரும் நானும் உதவிக்குப் போகக்கூடாது என்பதால் நின்றுகொண்டிருந்தோம். மேல் வரிசை போனதும் தண்ணீர் முதலில் கண்ணாடித் தகடுபோல வழிந்தது. அடுத்த வரிசை போனதும் சத்தம் வந்தது. பிறகு அந்தச் சத்தம் ஊர் முழுவதும் கேட்டது.

புயல் எங்கள் பக்கம் வரவில்லை. எங்கோ வடக்கே கரையேறியதாகப் பேப்பரில் படித்தோம். மழை விட்டது, வளைவில் ஊற்று தெளிந்தது, ஓவர்சியர் மண்மூட்டை போட்டு அடைத்தார். கலிங்கை எடுக்காமல் இருந்திருந்தால் கரை உடைந்திருக்குமா, தாங்கியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. டீக்கடையில் பல நாள் அந்த வழக்கு நடந்தது. தாங்கியிருக்கும் என்று சொன்னவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். உடையாத கரைக்கு யார் சாட்சி சொல்வது? நெருக்கடி காலத்து நிர்வாகம் பற்றிப் பிற்பாடு நான் படித்த புத்தகங்களிலும் நடந்த கேடுகளைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக இருந்தது. நடக்காமற்போனதைப் பற்றி அதிகம் இல்லை.

மார்கழியில் வாடை அடித்தது. கண்மாய் சரசரவென்று இறங்கியது. தையில் கமிட்டி கூடியபோது தலைமடை வயல்கள் பழுத்துக்கொண்டிருந்தன. பிந்தி நட்ட கடைமடை கதிர் தள்ளிப் பால்பிடிக்கிற நிலையில் நின்றது. அதற்குமேல் தண்ணீர் இல்லாவிட்டால் பதர்தான். வெள்ளத்தால் பயிர் அழிந்தவர்களுக்கு உதவி உண்டு, வறட்சியால் அழிந்தவர்களுக்கும் உண்டு என்று தாசில்தார் விளக்கினார். வெள்ளத்தைத் தடுப்பதற்காகத் தண்ணீரை விட்டுவிட்டுக் காய்பவருக்கு என்ன என்று அவருக்குத் தெரியவில்லை.

“மேல எழுதிக் கேக்குறேன்,” என்றார்.

“பதில் வாரதுக்குள்ள அறுப்பு முடிஞ்சுரும்ங்க,” என்றார் நர்சம்மா. “அப்ப நாம எதுக்கு இங்க உக்காந்துருக்கோம்?”

கடைமடைக்காரர், “காசு வேணாங்க,” என்றார். “ஒரு தண்ணி வேணும். தலைமடைய அடைச்சா, கண்மாயில கெடக்குறது எங்க வரைக்கும் வந்து சேரும்.”

அறுப்பு முடியாமல் தலைமடையை அடைப்பது எங்கள் ஊரில் கேள்விப்படாதது. எல்லோரும் மில்லுக்காரரைப் பார்த்தோம். அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வெற்றிலையை மடித்தார்.

“மச்சான் கேட்டுட்டாரு. முடியாதுன்னா எங்க வீட்டுல எனக்குச் சோறு கெடைக்காது. நானே அடைக்கிறேன். எங்க ஆளுங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், இத மட்டும் கமிட்டி முடிவுன்னு எழுதிறாதீங்க. வருசாவருசம் கேப்பாங்க.”

தாசில்தார் சிரித்துவிட்டார். நான் எழுதவில்லை. அந்தக் கமிட்டியின் ஆலோசனைகளில் அன்றே நிறைவேறியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் கடைமடைக்காரரோடு வாய்க்கால் கரையில் நடந்தேன். காய்ந்த வாய்க்காலில் வரும் தண்ணீருக்கு ஒரு முகம் உண்டு. சருகும் நுரையும் எறும்பும் தள்ளிக்கொண்டு, வெடிப்பு வந்தால் நின்று அதைக் குடிக்கவைத்துவிட்டு, மறுபடி நகரும். நாங்கள் அதன் வேகத்திலேயே நடந்தோம். அது நின்றால் நாங்களும் நின்றோம். வெயில் மஞ்சளாகி, பிறகு மஞ்சளும் போய், தண்ணீர் மட்டும் வெளிச்சமாக இருந்தது. அவர் வயலுக்குள் அது நுழைந்தபோது மண் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கால்வாசி நிலம் நனைந்தது, பாதி நனைந்தது. பின்னால் வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தேன். வரத்து மெலிந்துவிட்டது.

அவரும் பார்த்தார். மீதிப் பாதியைப் பார்த்தார். பிறகு வயலில் இறங்கி, நனைந்த பாதிக்கும் நனையாத பாதிக்கும் நடுவே மண்ணைக் கையால் வாரி வைத்துத் தண்ணீரை மறித்தார். ஓரத்து வரப்பைக் காலால் உடைத்து, மிச்சத்தைத் தம்பி வயல் பக்கம் திருப்பிவிட்டார்.

தம்பி அங்கேதான் தன் வயலில் நின்றிருக்கிறான். ஐப்பசியிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை என்பது ஊருக்கே தெரியும். தண்ணீரைப் பார்த்ததும் மண்வெட்டியோடு வந்து, உடைப்புக்கு அந்தப் பக்கம் நின்றான். கொஞ்ச நேரம் அண்ணன் வயலில் நனையாமல் விட்ட பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே,” என்றான். “அங்கிட்டு வரப்புல நண்டு வளை இருக்கு. தண்ணி அதுல போகுது பாருங்க. நகருங்க, நான் அடைக்கிறேன்.”